கழுவிய கை, தொடாத தட்டு

இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கை கழுவப் பழக்குவதெல்லாம் ஒரு வேலையா என்று லண்டன் ஹரோவில் ஒரு கலியாண வீட்டில் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பேரையும் மனைவிதான் கழுவி வளர்த்திருப்பார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் சிரித்துவிட்டு இன்னொரு வடையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல முடியாது. மதியச் சாப்பாட்டுக்கு முன் நான் வேலை செய்யும் பிள்ளைகள் நேர்சரிக்கு வந்து நின்று பார்க்க வேண்டும்.

குரோய்டனில் டிராம் சத்தம் கேட்கும் ஒரு தெருவில் இருக்கிறது நேர்சரி. பிள்ளைகளின் உயரத்துக்குப் பேசின்களைத் தாழ்வாகப் பொருத்தியிருக்கிறார்கள். ஒருவன் சோப்பு நுரையை நக்குவான். ஒருத்தி காலில் கிடக்கும் சப்பாத்தைக் கழற்றிக் குழாயின் கீழே பிடிப்பாள். இன்னொருவன் ஈரக் கடதாசியைப் பக்கத்துப் பிள்ளையின் கழுத்துக்குள் விடுவான். இவர்களை நான் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தது நாலே நாலு சொற்களால்: உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, பெருவிரல். அதற்கு ஒரு மெட்டும் நானே போட்டேன். தமிழ்ப் பிள்ளை ஒன்றுகூட இல்லாத அந்த அறையில் எல்லாரும் அதைப் பாடித்தான் கை கழுவினார்கள். ஒரு ருமேனியத் தகப்பன் மாலையில் மகனைக் கூட்டிப்போக வந்தபோது, குளிக்கும்போது மகன் ‘பெருவிரல், பெருவிரல்’ என்கிறானே, அது என்ன ஆங்கிலச் சொல் என்று கேட்டார். அது ஆங்கிலம் இல்லை, தமிழ் என்று சொன்னேன். அன்று மாலை பஸ் தரிப்பிடம் வரை கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் நடந்தேன்.

பிறகு ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் எங்கள் அறைக்கு ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் பிள்ளை வந்தாள். இரண்டரை வயது. தாய்க்கு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை கிடைத்திருந்தது. அவளுக்கு அதுதான் முதல் வேலை. அடுத்த திங்கட்கிழமை ஷிப்ட் தொடங்குகிறது. அதற்குள் பிள்ளை எங்களோடு இருந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டாக வேண்டும். காலை முதல் மாலை வரை ஒன்றும் தின்னாத பிள்ளையை முழு நாளும் வைத்திருக்க முடியாது, ஒரு மாதம் தள்ளிப்போடலாம் என்று மனேஜர் சொன்னார். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் முதியோர் இல்லம் ஒரு மாதம் காத்திருக்காது.

“அக்கா, இந்த வேலை போச்செண்டால் நான் திரும்ப வீட்டுக்குள்ளதான்,” என்று தாய் வாசலில் வைத்துச் சொன்னாள்.

பிள்ளை அழவில்லை. நன்றாக விளையாடினாள். “வாங்கோ, கை கழுவுவம்” என்று கூப்பிட்டால் முதல் ஆளாக ஓடி வந்தாள். சட்டைக் கையை மடித்து, பெருவிரல் வரை தேய்த்து, துடைத்த கடதாசியைக் குப்பை வாளியில் போட்டாள். எங்கட பிள்ளை எண்டால் சும்மாவா என்று எனக்குள்ளே ஒரே பூரிப்பு. ஆனால் கழுவிய கையோடு நேரே விளையாட்டுச் சாமான் பக்கம் போய்விடுவாள். தூக்கி மேசையடிக் கதிரையில் இருத்தினால் வழுக்கிக்கொண்டு இறங்குவாள். பாஸ்தா வேண்டாம், மீன் வேண்டாம், அவளுக்கென்று அவித்த சோறும் வேண்டாம். திங்களும் செவ்வாயும் இப்படியே போயின.

புதன்கிழமை கை கழுவிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். நாடியை உயர்த்தி, உதட்டைக் குவித்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

“என்னம்மா?”

“வாய் துடையுங்கோ, அன்ரி.”

“ஏன்?”

“சாப்பிட்டு முடிஞ்சுது.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் வீடுகளில் சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவது யார்? சோற்றைக் குழைத்துப் பிள்ளையின் வாயில் தீத்துகிற தாய். பிள்ளையைக் குழாயடிக்குக் கூட்டிப்போவது கடைசி வாய் உள்ளே போன பிறகுதான். கையைக் கழுவி, வாயைத் துடைத்து, போய் விளையாடு என்று விடுவார்கள். போதாக்குறைக்கு, தமிழில் ஒன்றைக் கைகழுவிவிட்டேன் என்றால் அதோடு சரி, முடிந்தது என்றுதான் அர்த்தம். அந்தச் சின்ன மனுஷி தன் மொழியைச் சரியாகத்தான் விளங்கி வைத்திருந்தாள். நான்தான் ஒவ்வொரு நாளும் தட்டு வைக்க முன்னமே அவளுக்குத் தமிழில் பந்தியை முடித்து அனுப்பியிருக்கிறேன்.

அறைக்குப் பொறுப்பான அயர்லாந்துக்காரியிடம் இதைச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, நாளைக்குத் தட்டுகளை முதலில் வைத்துவிட்டுக் கழுவப் போகலாமா என்று அவளே கேட்டாள். அது நல்ல யோசனை. மாலையில் தாயிடம், வீட்டிலும் சாப்பிட முன் பிள்ளையின் கையைக் கழுவச் சொன்னேன். “தீத்தாட்டி அவ சாப்பிட மாட்டா அக்கா,” என்றாள் தாய். “கையை மட்டும் கழுவி விடுங்கோ, மிச்சத்தைப் பாப்பம்,” என்றேன்.

வியாழக்கிழமை தட்டுகள் மேசைக்கு வந்த பிறகுதான் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். “சாப்பாடு வந்திட்டுது. கழுவிப்போட்டுச் சாப்பிடுவம்,” என்று சொல்லையும் மாற்றினேன். அவள் கழுவினாள். தட்டைப் பார்த்தாள், ஈரக் கையைப் பார்த்தாள், வழக்கம்போல வந்து உதட்டைக் குவித்தாள்.

“வாயில ஒண்டும் ஒட்டேல்லையே. எதைத் துடைக்கிறது?” என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். மேசைக்குப் போய் அவித்த கரட் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்து, மிச்சத்தை உதட்டில் பூசிக்கொண்டு வந்தாள். “இப்ப ஒட்டிட்டுது.” நான் மிகுந்த மரியாதையோடு துடைத்துவிட்டேன். அவள் திரும்பப் போய் இன்னொரு துண்டு எடுத்தாள். அன்று கரட் முழுவதும் அப்படித்தான் உள்ளே போனது.

வெள்ளிக்கிழமை தாயை வரச் சொல்லி, பிள்ளைகளின் குட்டிக் கதிரை ஒன்றில் இருத்தினோம். அன்றைக்கு மசித்த உருளைக்கிழங்கும் மீனும். மகள் கழுவி, துடைத்து, வந்து இருந்தாள். தாயின் கை பழக்கத்தில் தட்டுக்குள் போய், கிழங்கையும் மீனையும் குழைத்து உருட்டி, மகளின் வாய்க்கு நேரே நீண்டது. மகள் தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

“அம்மா, நீங்கள் கை கழுவேல்லை.”

அறையில் இது விளங்கியது எங்கள் மூன்று பேருக்கும்தான். தாய் எழுந்து போய், அந்தத் தாழ்ந்த பேசினுக்கு முன்னால் முழங்காலில் நின்று கை கழுவினாள். திரும்பி வந்தபோது தட்டில் பாதி காலி. மகள் கரண்டியை ஒரு பக்கம் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூக்கிலும் கிழங்கு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளையை நினைத்தும் பெருமை, என்னை நினைத்தும் பெருமை. அதை நான் ஏன் மறைக்க வேண்டும்?

தாய் ஈரக் கையோடு நின்றபடியே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

“அப்ப எனக்கு இனி இஞ்ச என்ன வேலை, அக்கா?”

“இஞ்ச ஒண்டும் இல்லை,” என்றேன். “திங்கட்கிழமை உங்கட வேலைக்குப் போங்கோ.”

“ஓம் அக்கா,” என்றாள். “போறன்.”