பொழியைத் தாண்டாத கொடுவா

1954 மே மாதக் கடைசியில் நான் இராஜாக்கமங்கலம் போனது ஊர் பார்க்கும் ஆசையில் அல்ல. மீன்வளம் படித்தவன் நான். பெரிய மீனைத் தூண்டிலில் பிடித்து உயிரோடு திரும்ப விடலாம் என்று நாலு பேரிடம் சவடாலாகச் சொல்லியிருந்தேன். அங்கே பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் வாய், கோடையில் மணல்மேடு விழுந்து அடைத்துக்கொள்ளும். சினை பிடித்த கொடுவா மீன்கள் உள்ளே மாட்டிக்கொள்ளும். அவை முட்டையிட உப்புத் தண்ணீர் வேண்டும். தூக்கி மேட்டுக்கு அந்தப் பக்கம் விட்டால் தீர்ந்தது. காகிதத்தில் ரொம்பச் சுலபம்.

திருநெல்வேலியில் காலை ஆறு மணிக்கு பஸ். நாகர்கோவில் ஐம்பது மைல், மூன்று மணி நேரம், ஒன்றே முக்கால் ரூபாய். திருவிதாங்கூர் எல்லையில், ஆரல்வாய்மொழிச் சாவடியில் தூண்டில் கம்பை துப்பாக்கியோ என்று பார்த்துக் கால் மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். நீங்கள் போனால் கம்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலிலிருந்து இன்னொரு பஸ், ஏழு மைல், ஐந்து அணா. பிறகு ஒன்றரை மைல் மணலில் நடை. தென்னை நிழல் பாதி வழிக்குத்தான்.

பொழியில் வலை போடுகிறவர்களுக்குத் தலைவன் தங்கசாமி. என் வயதுதான் இருக்கும். அன்றிரவு தங்க அவன் வீட்டிலேயே இடம் கொடுத்தான். வந்த காரியத்தைச் சொன்னதும் அவன் மனைவி செல்லம்மை சிரித்துவிட்டாள்.

“பிடிச்ச மீன விடுகதுக்கா இம்புட்டுத் தூரம் வந்திய? உங்க ஊர்ல குளம் கெடையாதா?”

“ஏட்டி, சும்மா இரி,” என்றான் தங்கசாமி. என்னிடம், “அந்தப் பக்கம் விட்டா அடுத்த வருசம் குஞ்சு உள்ள வரும்ணு சொல்லுதியல்லா? நாளக்கி நீங்க ஒண்ண விடுங்க சாரே. அது உசிரோட போச்சுண்ணா, மறுநா எங்க வலையில விழுக சினை மீனையெல்லாம் நாங்களும் தூக்கி விடுகோம். செத்துச்சுண்ணா குழம்புதான்.”

நியாயமான பேச்சு. ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு உயிருள்ள மடவை மீனை இரையாகக் கோத்துத் தூண்டில் போட்டேன், கொடுவா கடித்தது. தடித்த நூல், எட்டே நிமிஷத்தில் கரைக்கு வந்தது. மெல்லிய நூலில் மணிக்கணக்காக விளையாட்டுக் காட்டினால் மீன் அப்போதே பாதி செத்துவிடும். மூன்றடிக்கு மேல் நீளம், வயிறு சினையால் புடைத்திருந்தது. இரண்டு ஆட்கள் கை நிறைய உலர்ந்த மணலை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். வழுக்காமல் இருக்க மீனுக்கு மணல் பூசித்தான் அங்கே எல்லோரும் பிடிப்பார்கள்.

“தொடாதீங்க! அந்த வழுவழுப்புப் போனா மீன் பிழைக்காது!” என்று கத்தினேன்.

“விருந்தாளி கோவப்படுகாரு மக்கா, கைய கழுவு,” என்றான் தங்கசாமி. அவர்கள் கழுவினார்கள். நனைத்த சாக்கை இரண்டு கம்பில் கட்டி, தண்ணீருக்குள்ளேயே மீனை அதில் ஏற்றினோம். மேட்டைத் தாண்ட எழுபது தப்படி. அதுவரை எல்லாம் சரியாக இருந்தது.

மேட்டின் உச்சியில் நிறுத்தச் சொன்னது நான்தான். நோட்டில் எடைக்கென்று போட்ட கட்டம் காலியாக இருந்தது. ஸ்பிரிங் தராசின் கொக்கியைத் தாடையில் மாட்டித் தூக்கினேன். முள் ஆடி நிற்கும் வரை காத்திருந்தேன். இருபத்தேழு ராத்தல். எழுதிக்கொண்டிருக்கும்போதே மீன் ஒரு உதறு உதறி, தாடை கிழிந்து மணலில் விழுந்தது. விழுந்த இடத்தில் துள்ளித் துள்ளித் தானே உடம்பு முழுக்க மணலைப் பூசிக்கொண்டது.

அள்ளிக்கொண்டு ஓடி, கடலில் இடுப்பளவு தண்ணீரில் அதைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டினேன்.

“பின்னால இழுக்காதிய சாரே. அது பின்னால நீந்துகத நீங்க பாத்திருக்கியளா?” என்று தங்கசாமி கத்தினான். அலை வரும் பக்கம் வாயைத் திருப்பி அவனும் பிடித்துக்கொண்டான். முக்கால் மணி நேரம் நின்றோம். இரண்டு தடவை செவிள் அசைந்தது. பிறகு வயிறு மேலே வந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வலையை இழுத்தார்கள். பதினான்கு கொடுவா, அதில் ஒன்பது சினை. ஒவ்வொன்றையும் கரையில் போடும் முன் தங்கசாமி என் முகத்தைப் பார்த்தான். நான் ‘விடு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பான். எந்த வாயால் சொல்வது? செல்லம்மை அறுத்த முதல் வயிற்றுச் சினையிலேயே சட்டி நிறைந்தது.

போகிறவர்களுக்குச் சொல்ல இவ்வளவுதான். கையை நனைத்துக்கொள்ளுங்கள், செவிளில் விரல் விடாதீர்கள், வாயைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். மீனை வெளியே தூக்கும்போது நீங்களும் மூச்சை அடக்கிப் பாருங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும் முன் மீன் தண்ணீரில் இருக்க வேண்டும். நாகர்கோவிலுக்குத் திரும்ப பத்தே காலுக்கு பஸ் உண்டு. நான் அதில்தான் வந்தேன். நோட்டில் இருபத்தேழு ராத்தல் என்று இருக்கிறது. சரியான எடைதான், சந்தேகமே இல்லை.