ஹீலரை அழித்த தேவிப்ரியா

தேவிப்ரியாவுக்கு அந்த விளையாட்டைப் பழக்கிவிட்டது அவள் கணவன் மதியழகன்தான். கல்யாணமான புதிதில் மல்லசமுத்திரம் வீட்டில் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுவார்கள். வாளும் மந்திரமும் அரக்கர்களும் நிறைந்த விளையாட்டு. அவன் கேடயம் தாங்கும் வீரன். அவளுக்கு ஹீலரைத் தேர்ந்து கொடுத்தான். அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுவதுதான் அந்தப் பாத்திரத்தின் வேலை. முகம், முடி எதையும் அவள் மாற்றவில்லை. வந்தபடியே வைத்துக்கொண்டாள்.

பிறகு அவன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலைக்குச் சத்தீஸ்கர் போனான். வேலை மாதக்கணக்கில் நீண்டது. போனில் அழைப்பது குறைந்தது, அப்புறம் நின்றே போனது. விளையாட்டுக்குள் மட்டும் வருவான். “ஹீல் போடு” என்பான். போடுவாள். பகலெல்லாம் கோழிப்பண்ணையில் உடைசல் முட்டையை ஒதுக்கி, நல்லதை அட்டையில் அடுக்குவது போலத்தான் இதையும் செய்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் குழுவில் வேறொரு ஹீலர் நின்றாள். யாரென்று தேவிப்ரியா கேட்கவில்லை. அழுகை வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். வரவில்லை. தன் ஹீலரை அழித்தாள்.

புதிதாக ஒரு பாத்திரத்தைத் தொடங்கினாள். வில்லாளி, மந்திரவாதி, திருடி, மிருகங்களைப் பழக்குகிறவள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, கடைசியில் கோடாலிக்காரியை எடுத்தாள். யார் துணையும் இல்லாமல் சண்டை போடக்கூடியவள். இந்த முறை எல்லாவற்றையும் மாற்றினாள். மூக்கை அகலமாக்கினாள், தோளைப் பெருக்கினாள், முடியை ஒட்ட வெட்டினாள், கன்னத்தில் ஒரு தழும்பு வைத்தாள். அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. அந்த முகம் பிடித்திருக்கிறதா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

சில வாரங்களில் கோடாலிக்காரி நன்றாக வலுத்துவிட்டாள். விளையாட்டில் ஒரு பாலத்தருகே மதியழகனின் வீரன் எதிரே வந்து நின்றான். இவள் யாரென்று அவனுக்குத் தெரியாது. எழுதிக் கேட்டான்: “ஏனுங்க, தனியாவா இருக்கீங்க? எங்க குழுவுக்கு வாரீங்களா?”

தன்னிடம் அவன் இத்தனை மரியாதையாகப் பேசியதில்லை என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. “இல்லீங்க” என்று எழுதிவிட்டு நடந்தாள்.

சத்தீஸ்கரில் மழைக்கு ரிக் வேலை நின்ற ஆடி மாதத்தில் அவன் ஊருக்கு வந்தான். சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே, “ஏன், இப்பல்லாம் கேமுக்கு வாரதில்ல?” என்றான்.

“அதை அழிச்சுட்டனுங்க.”

“செரி” என்றவன் தயிர் கேட்டான். ஊற்றினாள். அந்த இன்னொரு ஹீலரைப் பற்றி அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அங்கே மழை விட்டதும் அவன் ரிக்குக்குத் திரும்பினான். பஸ் ஏற்றிவிட்டு வந்தவள், தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பண்ணை வேனுக்காக ரோட்டோரம் போய் நின்றாள்.