ஒரு காதைத் திறந்து வைத்திருந்த ஜோசுவா

எங்கள் பிள்ளையார்பாளையம் தெருவில் ஜோசுவாவைப் பற்றிக் கேட்டால், "செல்போனைப் பாத்துக்கினே பொண்டாட்டியைச் சாவக் குடுத்தவன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான்; அந்தப் பக்கம் ஒரு தறி, இந்தப் பக்கம் என் தறி. அவனை நான் பார்த்த அளவுக்கு இவர்கள் யாரும் பார்த்ததில்லை.

ஜோசுவாவுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது கண் சிவந்திருக்கும். ஆனாலும் தூங்கப் போகமாட்டான். அவன் மனைவி நதியா தறியில் இறங்கும் நேரம் அது. அவளுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை போட்டும் எப்போதாவது வந்துவிடும், தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தறியை விடச் சொன்னால் அவள் கேட்கமாட்டாள். "படுத்துக்கினு மோட்டுவளையைப் பாக்கச் சொல்றியா?" என்பாள். அதனால் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். உள்ளே அவள் நெய்வாள், முன்னறையில் அவன் உட்கார்ந்திருப்பான். தறிச் சத்தம் கேட்கிறவரை கவலையில்லை. நின்றது திரும்பக் கேட்காவிட்டால் எழுந்து ஓட வேண்டும். அப்படி ஓடிப்போய் அவளைத் தாங்கிப் பிடித்தும் இருக்கிறான். தறிக்காரர் வீட்டில் ஆளைப் பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்கும் தெரியாது.

அப்படித் தூங்காமல் உட்கார்ந்திருக்கத்தான் அந்த கேமைப் பிடித்தான். பெயரைச் சொன்னால் இன்னும் நாலு பேர் இறக்கிக்கொள்வார்கள், சொல்லமாட்டேன். மூன்று பேராகச் சேர்ந்து, இடிந்துபோன ஓர் ஊருக்குள் இறங்க வேண்டும். எதிரே வருகிறவர்களைச் சுட்டு, பெட்டிகளைத் திறந்து, துப்பாக்கி, கவசம் என்று கிடைத்ததையெல்லாம் வாரிக்கொண்டு உயிரோடு வெளியே வர வேண்டும். நானும் சில நாள் அவனோடு ஆடினேன். பொய் சொல்வானேன், அருமையான ஆட்டம். ஒவ்வொரு துப்பாக்கியும் கையில் ஒவ்வொரு மாதிரி உதைக்கும். மதுரைக்காரன் ஒருவனும் ஓசூர்க்காரன் ஒருவனும் அவனுக்குக் கூட்டு. முகம் பார்க்காதவர்கள், ஆனாலும் 'ப்ரோ, ப்ரோ' என்று உயிரை விடுவார்கள். கம்பெனியில் நம்பரைச் சொல்லிக் கூப்பிடப்படுகிறவனுக்கு அது சின்ன விஷயமில்லை. எல்லாவற்றையும்விடச் சத்தம்தான் விசேஷம். எதிரி தகரத்தில் நடக்கிறானா, தண்ணீரில் நடக்கிறானா, இடமா, வலமா எல்லாம் காதிலேயே தெரிந்துவிடும். ஜோசுவா அதில் கில்லாடி.

கெட்டதும் உண்டு. பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் குப்பைதான் இருக்கும். எப்போதாவது ஒரு நல்ல பொருள் வரும். அந்த எப்போதாவதுக்காக ஆள் மறுபடி மறுபடி இறங்குவான். பாதியில் நிறுத்தவும் வழியில்லை. விட்டு எழுந்தால் கையில் இருப்பது அத்தனையும் போச்சு, கூட வந்தவர்களும் சாவார்கள். குடும்பஸ்தன் ஆடும் ஆட்டமா இது? இதைக் கண்டுபிடித்தவன் வீட்டில் கூப்பிட ஒரு ஆள்கூட இல்லையா என்று நான் திட்டியிருக்கிறேன். ஜோசுவா சிரிப்பான். "ஒரு காது கேமுக்கு, ஒரு காது நதியாவுக்குண்ணா" என்று, கழற்றித் தொங்கவிட்ட இடது பக்க இயர்போனைக் காட்டுவான். உண்மைதான். இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு ஒருநாளும் நான் அவனைப் பார்த்ததில்லை.

ஆடி மாதம் ஒரு காலை. எத்தனையோ நாளாகக் கிடைக்காத ஒரு துப்பாக்கி அன்றைக்கு அவனுக்குக் கிடைத்தது. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டிய தூரம்தான் பாக்கி. இடது காதில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நிம்மதியாக ஆடி முடித்து, போனைத் தூக்கிக்கொண்டு நதியாவிடம் காட்ட உள்ளே போனான். அவள் தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலின் மேல் முகம் குப்புறக் கவிழ்ந்து கிடந்தாள். அவன் போட்ட அலறலில் நான் ஓடினேன். திருப்பிப் போட்டுப் பார்த்தால் உதடெல்லாம் நீலம். வலிப்பு வந்து விழுந்தவள், பட்டில் முகம் புதைந்து மூச்சு முட்டிப் போயிருக்கிறாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜோசுவா என் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அண்ணா, அன்னிக்கிக் காலையில நீ தறியில இருந்தியா?"

அவன் ஏன் கேட்கிறான் என்று உடனே புரிந்தது. நான் நெய்யவில்லை என்றால், அவன் காதில் விழுந்தது நதியாவின் தறி. அவன் எழுந்து போவதற்குக் கொஞ்சம் முன்புதான் அவள் விழுந்திருக்கிறாள், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. நான் நெய்தேன் என்றால், அவள் மூச்சுக்குத் தவித்த நேரமெல்லாம் அவன் கேட்டுக்கொண்டிருந்தது என் தறியை. கல்யாணச் சேலை ஒன்று அவசரம் என்று அன்றைக்கு விடிந்ததிலிருந்து நான் தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"இல்லப்பா. பாவு தீந்துபோச்சி. சும்மாத்தான் உக்காந்துக்கினு இருந்தேன்" என்றேன்.

தலையாட்டினான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"நதியா சேலைக்கு உடம்பு பூரா புட்டாப் பூவுண்ணா. ஒவ்வொரு தபாவும் கையை நிறுத்தி, பூவுக்கு ஜரிகை கோத்துட்டுத்தான் திரும்ப அடிப்பா. நான் கேட்ட சத்தம் எங்கியுமே நிக்கல. அப்பவே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்திச்சி. ஆனா அந்தத் துப்பாக்கி கையில இருந்திச்சிண்ணா. அதான் ஏதோ சத்தம் கேக்குதில்ல, போதும்னு இருந்துட்டேன்."

சொன்ன பொய்யைத் திரும்ப எடுக்கவும் முடியவில்லை, அதையே பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றான்.