எந்தப் பக்கம் போகலாம்னு கேளு

ஒரு மாதமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் பிரிட்டன் கிடந்தது. என் வீட்டுக்காரர் ஆபீஸ் பிரின்டரில் நான்கு தாளாக எடுத்து, பின்னால் செல்லோடேப் ஒட்டி, மூலை சுருளாமல் இருக்க ஊறுகாய் பாட்டிலும் உப்பு டப்பாவும் வைத்து விரித்த மேப். அதன் ஓரத்தில் தட்டை வைத்துத்தான் இருவரும் சாப்பிட்டோம். ஒருநாள் வேல்ஸ் மீது ரசம் சிந்திவிட்டது. “விடு, அங்க எப்பவும் ஈரம்தானாம்” என்றார்.

கையில் இருந்தது ஒன்பது நாள். அவருடைய கம்பெனியில் ஆள் பற்றாக்குறை, அதற்கு மேல் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நியூசிலாந்தில் நாங்கள் இருக்கும் ஆக்லாந்திலிருந்து போக வர ஆகும் நேரத்தைக் கழித்தால் மிஞ்சுவது அவ்வளவுதான். லண்டனில் இறங்கி, ஒரு காரை வாடகைக்கு எடுத்து, ஏதாவது ஒரு பக்கம் போய்விட்டுத் திரும்ப வேண்டும். எல்லாப் பக்கமும் போக முடியாது. ஸ்காட்லாந்தா, வேல்ஸா, லேக் டிஸ்ட்ரிக்டா, கார்ன்வாலா என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் பட்டிமன்றம் நடக்கும். எல்லா அணிக்கும் பேசுவது அவர் ஒருவர்தான்.

ஸ்காட்லாந்து தூரம், பாதி நாள் ரோட்டிலேயே போய்விடும். வேல்ஸில் மழை, மழை பார்க்க வேண்டுமென்றால் டிட்டிராங்கி போதும், வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். லேக் டிஸ்ட்ரிக்ட் என்று வரும்போது மட்டும் குரல் கொஞ்சம் உயரும். “அங்க என்ன இருக்கு? மலையும் ஏரியும் ஆடும். அதைத்தான் நம்ம குயின்ஸ்டவுன்லயே பாத்துட்டோமே? அதுக்குப் போய் உலகத்தோட அந்தக் கோடிக்குப் போகணுமா?” என்பார். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் என் முகத்தைப் பார்ப்பார்.

அங்கேதான் எங்கள் மகள் இருந்தாள்.

ஒரே மகள். லேக் டிஸ்ட்ரிக்டில் ஒரு சின்ன ஊரில், ஒரு கஃபேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வொர்க்கிங் ஹாலிடே விசாவில் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. விசா முடிந்ததும் வந்துவிடுவாள் என்று நான் வழி பார்த்துக்கொண்டிருந்தபோது, அடுத்து கனடா போவதாகவும் ஆகஸ்டில் கிளம்புவதாகவும் ஒரு வரி எழுதியிருந்தாள். அதை இவரிடம் சொன்ன மறுவாரம் ஆபீஸிலிருந்து வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல், “ஜூன்ல லீவு போட்டிருக்கேன். இங்கிலாந்து போய் ஊர் சுத்திப் பாக்கலாம்” என்றார். இத்தனை வருஷத்தில் ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று வாய் திறந்ததே கிடையாது இந்த மனுஷர்.

போய் அவளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. சொல்ல மாட்டார். நான் கெஞ்சிக் கூத்தாடி, அவர் வேண்டாவெறுப்பாகச் சம்மதித்ததாக இருக்க வேண்டும். அதைவிட மேல், அவளே கூப்பிட வேண்டும்.

அவர்களுக்குள் பேச்சு நின்றது ஒரு கல்யாணத்தால். இதே ஊரில் பிளாட் புஷ்ஷில் இருக்கும் ஒரு குடும்பத்துப் பையனோடு அவளுக்கு நிச்சயம் முடிந்து, ஹாலும் பேசியாயிற்று. இரண்டு மாதம் இருக்கும்போது வேண்டாம் என்றுவிட்டாள். காரணம் கேட்டதற்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றாள். இவர் கத்தவில்லை. பிளாட் புஷ் பக்கம் காரைத் திருப்புவதை நிறுத்தினார், அவளோடு பேசுவதையும் நிறுத்தினார். அதாவது, என் வழியாகப் பேச ஆரம்பித்தார். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். “சாதம் ஆறுதுன்னு அவகிட்ட சொல்லு” என்பார் என்னைப் பார்த்து. “கார்ல பெட்ரோல் கம்மியா இருக்கு, போட்டுக்கச் சொல்லு” என்பார். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண் அவள். எங்கள் வீடுகளில் கோபம் இப்படித்தான், சோறு போட்டுக்கொண்டே நடக்கும் என்று அவளுக்கு எங்கே தெரியும்? “ஐம் ரைட் ஹியர், அப்பா” என்பாள் முதலில். கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டாள்.

அவள் கிளம்பிய அன்று ஏர்போர்ட்டுக்கு இவர்தான் வண்டி ஓட்டினார். உள்ளே வரவில்லை. “பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டாளான்னு கேளு” என்று கார் கண்ணாடியை இறக்கி என்னிடம் கேட்டார். அவள் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள், தோளில் பையோடு. அப்படியே திரும்பி நடந்தாள்.

நான் மட்டும் தனியாகப் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். யோசிக்காமல் இல்லை. ஆனால் நான் மட்டும் போய் நின்றால், அப்பா வரவில்லை என்பது அங்கே முடிவாகிவிடும். அப்புறம் கனடா. அப்புறம் எந்த ஊரோ. பேசாமலே இருந்து இருந்து இருவருக்கும் அது பழகிவிடும். இந்த ஒன்பது நாளை விட்டால் இனி இல்லை என்று நியூ லின்னில் நான் வேலை பார்க்கும் கிளினிக்கில், ரிசப்ஷனில் உட்கார்ந்துகொண்டே நினைப்பேன். எதிரே நிற்பவர் பெயரைச் சொல்லியிருப்பார், எனக்குக் காதில் விழுந்திருக்காது.

என்னால் ஆனதையும் செய்து பார்த்தேன். ஸ்காட்லாந்து போகிற வழியில்தானே லேக் டிஸ்ட்ரிக்ட் இருக்கிறது, ஒரு நாள் இறங்கலாமே என்றேன். வழியில் நிற்க நேரம் இல்லை என்றார். வேல்ஸிலிருந்து பக்கம்தானே என்றேன். யார் சொன்னது என்று ஸ்கேலை எடுத்து அளந்தார். கடைசியில் நேராகவே கேட்டேன்: “அவளைப் பாக்காம திரும்பி வந்துடுவீங்களா?”

மேப்பின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார். “வான்னு சொல்லாத இடத்துக்கு எப்படிப் போய் நிக்கிறது?” என்றார். பெற்ற பெண்ணைப் பார்க்கப் போக வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். “அவ அங்கதானே ரெண்டு வருஷமா இருக்கா. ஒன்பது நாள்ல எந்தப் பக்கம் போகலாம்னு அவகிட்ட கேளு.”

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இங்கேயே வாங்கப்பா என்று அவள் ஒரு வரி எழுதினால் போதும், மறு நிமிஷம் புக் பண்ணிவிடுவார். ஃபோனை எடுத்து, அப்பாவும் நானும் ஜூனில் வருகிறோம், உன்னைப் பார்க்க என்று அடித்தேன். என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தவர், “அதை எடு. அவளா சொல்லட்டும்” என்றார். எடுத்தேன். எங்களுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, கார் எடுக்கிறோம், எந்தப் பக்கம் போனால் நன்றாக இருக்கும் என்று அப்பா கேட்கிறார் என்று மட்டும் அனுப்பினேன்.

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. அவள் ஆங்கிலத்தில்தான் எழுதுவாள். ஜூனில் கார்ன்வால் ரொம்ப அழகாக இருக்கும், தங்க இடம் சீக்கிரம் பிடித்துவிடுங்கள், இந்தப் பக்கம் அப்போது டூரிஸ்ட் கூட்டம் தாங்காது. கடைசியில் ஒரு சின்னச் சூரியன் படம்.

“என்ன சொல்றா?” என்று பல் தேய்த்துக்கொண்டே இவர் வந்துவிட்டார். வேறு மாதிரி சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. இதுவரை இருவர் சொல்லையும் கொஞ்சம் சர்க்கரை போட்டுத்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். இந்தமுறை பயமாக இருந்தது. கூப்பிட்டாள் என்று நான் பொய் சொல்லி, இவர் நம்பிப் போய் அந்தக் கஃபே வாசலில் நின்று, அவள் முகம் மாறினால்? ஃபோனை நீட்டினேன்.

வாசித்தார். மேப்பில் அவள் இருக்கும் ஊரில் கட்டைவிரலை வைத்தார். சுண்டுவிரலை விரித்து விரித்து, தென்மேற்கு மூலையில் நாடு முடிகிற இடத்தில் இருக்கும் கார்ன்வாலைத் தொடப் பார்த்தார். எட்டவில்லை. “இதுக்கு மேல போனா கடல்தான்” என்றார். லேப்டாப்பைத் திறந்து கார்ன்வாலில் ஒன்பது நாளுக்கும் சேர்த்து ஒரு வீட்டைப் பிடித்தார். கேன்சல் பண்ண முடியாத புக்கிங். வேண்டுமென்றேதான் அப்படிப் பிடித்தார். பிறகு நனைந்து கிடந்த புல்லில் லான் மோவரை இழுத்துக்கொண்டு போனார். ஈரப் புல் சுற்றிச் சுற்றி அது நின்றுபோனது. மறுபடி கயிற்றை இழுத்தார், மறுபடி நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நான் அழுதேன். அவர் மீது கோபம், அவள் மீது கோபம், நடுவில் தபால்காரி வேலை பார்த்த என் மீது அதைவிடக் கோபம். மேப்பை மடித்து ஃப்ரிட்ஜ் மேலே போட்டேன்.

அந்த வாரம் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். வேலை முடிந்து நியூ லின் கார் பார்க்கில் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். கார்ன்வாலிலிருந்து அவள் ஊருக்கு எவ்வளவு நேரம் என்று ஃபோனில் பார்த்தேன். நாள் முழுக்க ஓட்ட வேண்டும். அதை இவரிடம் சொன்னால் என்ன பதில் வரும் என்றும் தெரியும். பெற்றவர்கள் இத்தனை தூரம் வருகிறோம் என்கிறோம், அங்கே போய்க் கடலைப் பாருங்கள் என்று எந்தப் பெண்ணாவது சொல்வாளா? சொல்லிவிட்டாளே. அவளுக்கு நாங்கள் வேண்டாமோ என்று நினைத்தபோது ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டேன்; ஹாரன் அடித்து, பக்கத்துக் காரில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அங்கே காலை நேரம், கஃபேயைத் திறப்பதற்கு முன்னால் அவள் ஃபோனை எடுப்பாள். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று மாவுக் கையோடு அவள் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, கிச்சன் மேடை மேல் வைத்தேன். இவர் சிங்க்கில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார். வெளியே போகவில்லை.

“ஏன்டி கார்ன்வால்னு சொன்ன?” எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டேன்.

அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். எது நல்ல இடம் என்று கேட்டீர்கள், நன்றாக யோசித்துத்தான் சொன்னேன் என்றாள். அப்பாவுக்கு மூட்டு வலி, இங்கே எங்கே திரும்பினாலும் மேடு. அவருக்குக் கடல் பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமை பிளாக்ஹவுஸ் பேயில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே. கார்ன்வாலில் கார் நிறுத்துகிற இடத்திலிருந்தே கடல் தெரியுமாம், கூட வேலை செய்கிற பெண்ணிடம் விசாரித்து எழுதினேன். அதில் என்ன தப்பு?

பிசைந்த மாவில் கை அப்படியே நின்றுவிட்டது. “நாங்க உன்னைப் பாக்கத்தான்டி வர்றோம்” என்றேன். “இடம் பாக்க இல்ல.”

அந்தப் பக்கம் காபி மெஷின் சீறியது. நீங்கள் அப்படிச் சொல்லவே இல்லையே அம்மா என்றாள். குரல் உடைந்திருந்தது. இங்கிலாந்து வரைக்கும் வருகிறீர்கள், எந்தப் பக்கம் போகலாம் என்று என்னிடமே கேட்கிறீர்கள், என்னைப் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னைப் பார்க்காமல் போகத்தான் வழி கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். சரி, போகிற இடமாவது அப்பாவுக்குப் பிடித்ததாக இருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

ஒரு வரியை அழித்துவிட்டு அனுப்பியதற்கு அந்தப் பெண் இத்தனை நாளாக என்ன பாடு பட்டிருக்கிறாள் என்று நினைக்கும்போதே, அவள் கேட்டாள், அப்பாவுக்கு என்னைப் பார்க்க வேண்டுமா? “ஆஸ்க் ஹிம், அம்மா.”

இவளும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

“நான் கேக்க மாட்டேன்” என்றேன். சத்தமாகவே சொன்னேன். “இனிமே நான் யாருக்கும் எதையும் கேட்டுச் சொல்ல மாட்டேன். இங்கதான் நிக்கிறார். ரெண்டு பேரும் பேசுங்க, இல்ல விடுங்க.”

இவர் டிபன் பாக்ஸைக் கையிலேயே வைத்திருந்தார். தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, “அவகிட்ட...” என்று ஆரம்பித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கட் பண்ணிவிடுவாள், இவர் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார், இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்து, ஃபோனுக்கு மேல் குனிந்தார்.

“உன் ஊர்ப் பக்கம் ரோடெல்லாம் ரொம்பக் குறுகலாமே?” என்றார்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு தமிழில் சொன்னாள்: “ஆமாப்பா. ரொம்பக் குறுகல். ஒரு கார்தான் போகும்.”

“பரவால்ல” என்றார். “மெதுவா வர்றேன்.”