மசூது மட்டும் திரும்பி வந்தான்

1962ஆம் வருஷம் ஆவணி மாதம் ஒரு மத்தியானம் தென்காசி ரயில்வே ஸ்டேஷனில் இறங்கிய மசூது தன் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து இலஞ்சிக்கு நடந்தான். அங்கே அவனுடைய கூட்டாளி வல்லிநாயகத்தின் மனைவி நாச்சியார் வாசலில் நெல் கிளறிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்தாள். அவனைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். வேறு யாரும் வரவில்லை.

“அவுக எங்கண்ணே?”

“தெரியல தங்கச்சி.”

“தெரியலன்னா? உசுரோட இருக்காகளா, இல்லையா?”

“அதுதான் தெரியல.”

மசூது அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். நாச்சியார் அழவில்லை. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, “இப்ப சொல்லுங்க” என்றாள்.

மசூதும் வல்லிநாயகமும் சிறு வயது முதலே சிநேகிதர்கள். குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் மெயினருவிக்குப் போகும் வழியில் இருவரும் சேர்ந்து டீக்கடை போடுவார்கள். ஒரு வருஷம் அந்தக் கடை தீப்பிடித்து எரிந்தது. அடுப்பை அணைக்காமல் போனது நீதான் என்று இவன் சொன்னான், நீதான் என்று அவன் சொன்னான். யார் என்பது இருவருக்குமே நிச்சயமில்லை. ஆனால் அன்றிலிருந்து பேச்சு நின்றுபோயிற்று.

பிழைப்புக்கு வழியில்லாமல் இருவரும் தனித்தனியே அரபு நாட்டுக்குக் கிளம்பத் திட்டம் போட்டபோது, பெண்கள்தான் அவர்களைச் சேர்த்து அனுப்பினார்கள். மசூதின் உம்மா ஹைருன் பீவி, வல்லிநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, “எம் மவன ஒத்தையில விட்டுராதப்பா” என்றாள். அவன் தலையை ஆட்டினான். பம்பாயில், பாஸ்போர்ட் இல்லாத ஆட்களைக் கள்ளத்தனமாக ஏற்றிப்போகும் லாஞ்சுப் படகில் ஏறியபோதும் இருவரும் ஆளுக்கொரு பக்கம்தான் உட்கார்ந்தார்கள்.

லாஞ்சுக்காரன் கரையை ஒட்டிப் போகவில்லை. அரபுக் கரையில் கோர்பக்கான் மலை கண்ணுக்குத் தெரிந்ததும் எல்லாரையும் கடலில் குதிக்கச் சொன்னான். நீந்திக் கரையேறும்போது பாறைச் சிப்பியில் மசூதின் உள்ளங்கால் கிழிந்தது. அங்கிருந்து ஒரு லாரி அவர்களை மலை தாண்டி ஏற்றிப்போனது. மலைக்கு அந்தப்பக்கம் மணல் தொடங்கிய இடத்தில் தூரத்தில் ஒரு ஜீப்பின் புழுதி தெரிந்தது. போலீஸ் என்று டிரைவர் பயந்துபோய், “இறங்கு, ஓடு, ஒளிஞ்சுக்கோ” என்று கையைக் காட்டினான். ஆட்கள் நாலாபக்கமும் சிதறினார்கள். மசூதும் வல்லிநாயகமும் ஒரு மணல்மேட்டின் பின்னால் குப்புறப் படுத்தார்கள். தலை தூக்கிப் பார்த்தபோது ஜீப்பும் இல்லை, லாரியும் இல்லை, கூட வந்தவர்களும் இல்லை. லாரியில் கொடுத்த ஒரு தண்ணீர்த் தகரம் மட்டும் வல்லிநாயகத்தின் தோளில் தொங்கியது.

அப்போதுதான் வெகுநாளைக்குப் பிறகு அவர்கள் பேசினார்கள். பேச்சு சண்டையாகத்தான் ஆரம்பித்தது.

“மலையப் பாத்துத் திரும்பிப் போவோம்லே. அந்தப் பக்கம் கடல் இருக்கு, ஆள் இருக்கு” என்றான் மசூது.

“திரும்பிப் போனா போலீசு புடிச்சுக்கிடுவான். லாரித் தடத்தப் புடிச்சு முன்னால போவோம்.”

“தடத்தக் காத்து அழிச்சுக்கிட்டே வருது, உனக்குக் கண்ணு இல்லையா?”

“உனக்குத்தான் எப்பவும் கண்ணு இருக்கே!”

தடத்தைப் பிடித்தே நடந்தார்கள். தடம் அழிந்தது. பிறகு எந்தப் பக்கம் போகிறோம் என்று இருவரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. மறுநாள் வெயில் ஏறும்போது மசூதின் கால் வீங்கிப் பானை மாதிரி ஆகிவிட்டது. நம்மூர் உடைமரம் போல ஒரு முள்மரம் தனியாக நின்றது. அதன் நிழல் ஒரு ஆள் சுருண்டு படுக்கத்தான் காணும். மசூது அதில் விழுந்தான்.

வல்லிநாயகம் நின்றபடியே நாலு திசையும் பார்த்தான். “நீ இங்கனயே கெட. நான் போயி ஆளக் கூட்டிட்டு வாரேன்” என்றான்.

“தண்ணிய நீ கொண்டு போ. நடக்கவனுக்குத்தான் வேணும்.”

வல்லிநாயகம் தகர மூடியில் தண்ணீர் ஊற்றி அவன் வாயில் வைத்தான். இன்னொரு மூடி ஊற்றினான். பிறகு தகரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். மணல்மேட்டின் உச்சியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அந்தப் பக்கம் இறங்கியதும் தலை மறைந்தது.

மசூது அன்று முழுதும் காத்திருந்தான். நிழல் நகர நகரத் தானும் உடம்பை இழுத்துக்கொண்டு நகர்ந்தான். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலையில் ஒட்டகம் மேய்க்கிற இரண்டு பேர் வேறு திசையிலிருந்து வந்து அவனைக் கண்டார்கள். அவன் வல்லிநாயகம் போன பக்கத்தைக் காட்டிக் காட்டி அழுதான். அவர்களில் ஒருவன் அந்தப் பக்கம் ஒட்டகத்தை ஓட்டிப்போய் வெகுநேரம் கழித்துத் திரும்பி, கையை விரித்தான். காய்ச்சலில் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாதங்கள் கழித்து, அங்கே தையல் கடை வைத்திருந்த ஒரு தமிழர் தயவில் மசூது லாஞ்சு ஏறி ஊர் வந்து சேர்ந்தான்.

இதையெல்லாம் கேட்டு முடித்த நாச்சியார், “அப்ப தண்ணி அவுககிட்டதான் இருந்துச்சு” என்றாள்.

“ஆமா.”

“அப்ப இருப்பாக.”

அவள் அப்படி நம்பினாள். ஊர் நம்பவில்லை. அவளுடைய அண்ணன் பலவேசம் மசூதின் வீட்டு வாசலிலேயே வந்து நின்று, “ரெண்டு பேரு போனீங்க. ஒருத்தன் வந்திருக்க. ஒரு தகரம் தண்ணி. எங்களுக்குக் கணக்குத் தெரியாதாலே?” என்று கேட்டான். தண்ணீரை வல்லிநாயகத்திடமே கொடுத்தனுப்பினேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? உம்மாவே சில நேரம் அவன் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள்.

தென்காசியில் ஒரு சோடா கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்தது. கோலி சோடா, கலர் பாட்டில்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக் குற்றாலம் வரைக்கும் கடைகளுக்குப் போடுவான். சாரல் பெய்யும், அருவிக்கரையில் ஜனம் நெருக்கியடிக்கும், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரிப்பார்கள். அவன் பாட்டில் கிரேடை இறக்கிவைத்துக் காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். முன்பு தெரிந்தவர்கள் தலையசைப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். டீக்கடைகளில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் இடம் தாராளமாக இருந்தது.

உம்மா இறந்தபின் அவனோடு பேசியது நாச்சியார் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை தோறும் இலஞ்சிப் பெட்டிக்கடையில் சோடா இறக்க வருவான். அவள் தேங்காய் வாங்குகிற சாக்கில் வந்து நிற்பாள். ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி வைத்திருப்பாள்.

“கால்ல செருப்பு கெடந்துச்சா?”

“கெடந்துச்சு.”

இன்னொரு வாரம், “கடைசியாத் திரும்பிப் பாத்தாகன்னீகளே, கைய ஆட்டுனாகளா?”

“இல்ல தங்கச்சி. பாத்தான். அவ்வளவுதான்.”

கல்யாண வீடுகளில் அவளை எந்த வரிசையில் நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் பொட்டை அழிக்கவில்லை. அதற்காகவும் பேசினார்கள். மசூதுக்கு அவளுடைய கேள்விகள் பயமாக இருந்தன. ஆனாலும் வியாழக்கிழமை வந்தால், நாளைக்கு என்ன கேட்பாள் என்று மனசு யோசிக்கத் தொடங்கிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. காய்ச்சலாம். அன்று அவன் கடைவாசலில் காலி கிரேடைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

1967 ஐப்பசியில், நல்ல மழையில், பலவேசம் அவன் வண்டிக்கு எதிரே வந்து நின்றான். குடையை மடக்கினான். முகத்தைப் பார்க்கவில்லை.

“வல்லிநாயகம் வந்துட்டான்” என்றான்.

மசூது வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு இலஞ்சிக்கு நடந்தான். வீட்டில் வல்லிநாயகம் பாதி நரைத்த தலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், நாச்சியார் பக்கத்தில் நின்றாள். இவனைப் பார்த்ததும் எழுந்தான். 

“நான் திரும்பி வந்தேன்லே” என்றான். “ஒரு பேரீச்சந்தோப்பப் பாத்தேன். அங்கன கெழவன் ஒருத்தன் இருந்தான். அவனயும் கழுதையையும் இழுத்துட்டு அந்த மரத்துக்கு வந்தேன். உன் துண்டு மட்டும் முள்ளுல மாட்டிக் கெடந்துச்சு. நரி இழுத்துட்டுப் போயிருக்கும்னு கெழவன் சாடை காட்டுனான்.”

“அப்புறம்?”

“அப்புறம் பஹ்ரைன் போனேன். தென்காசிக்காரன் இருக்கிற பக்கமே போகல.”

“நாச்சியாருக்கு ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா?”

“போட்டா உன்னக் கேப்பா. உங்க உம்மா கேப்பாக. விட்டுட்டு வந்துட்டேன்னு எப்படிலே சொல்லுவேன்? உங்க உம்மா மவுத்தாயிட்டாகன்னு பஹ்ரைன்ல ஒரு கடையநல்லூர்க்காரன் சொன்னான். நீ சோடா வண்டி தள்ளுதன்னும் அவன்தான் சொன்னான். நான் நம்பல. பாக்கணும்னு வந்தேன்.”

 மசூது தணிந்த குரலில் சொன்னான்:

“உன்னால சொல்ல முடியாதத நான் சொன்னேன்லே. இந்தப் படியில உக்காந்து, இவகிட்ட, நான்தான் சொன்னேன். அன்னையிலருந்து சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

வல்லிநாயகம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். மசூதுக்கு அழுகை வரவில்லை. தோளில் கை வைத்தான், எடுத்தான். மழை விட்டதும் வண்டியைத் தேடிப் போனான்.

ஊர் மாறிவிட்டது. பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பலவேசம் ஒருநாள் வற்புறுத்திக் காப்பி வாங்கிக் கொடுத்தான். வல்லிநாயகம் தெருவில் பார்த்தால் நின்று பேசுவான். மழையைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் பேசுவான். இருவருக்கும் அதற்குமேல் போகத் தைரியமில்லை. வெள்ளிக்கிழமைகளில் இலஞ்சிக் கடைக்கு நாச்சியார் வந்தால், “நல்லாருக்கீகளாண்ணே” என்று சிரித்துவிட்டுத் தேங்காயோடு போய்விடுவாள். அவளிடம் கேள்வி தீர்ந்துபோயிருந்தது. மசூது அதற்குச் சந்தோஷப்பட்டான். ஆனால் பகல் நீளமாகிப்போனது.

மறுவருஷம் அவனுக்கு ஹாஜரா பீவியோடு நிக்காஹ் நடந்தது. வடகரைப் பெண், அதிகம் பேசாதவள். ஒருநாள் சாயங்காலம் அவன் காலிலிருந்த தழும்பைப் பார்த்து, “ஒத்தையில கெடந்தீகளாமே. என்ன நெனச்சுக்கிட்டுக் கெடந்தீக?” என்று கேட்டாள்.

மசூது திகைத்துப்போனான். வல்லிநாயகம் எப்படிப் போனான், எந்தப் பக்கம் போனான் என்று எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள். அவன் எப்படிக் கிடந்தான் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

“வருவான்னு நெனச்சேன்” என்றான். “வேற ஒண்ணும் நெனைக்கல.”

ஹாஜரா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேற்கொண்டு அவன் சொல்வதற்காகக் காத்திருந்தாள். மரத்து நிழல் நகர நகரத் தானும் நகர்ந்ததிலிருந்து அவன் சொல்லத் தொடங்கினான்.