வாசுகி வீட்டு ஊதா அறை

ஜோகூர் பாரு பக்கத்து உலு திராமில், எங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்காவது எதைப் பற்றியாவது குழப்பம் வந்தால், வாசுகி அக்காவைத் தேடிப் போக வேண்டியதில்லை. அவரே வந்துவிடுவார். குழப்பம் வராதவர்களுக்கும் வந்து கொடுத்துவிட்டுப் போவார்.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பிறந்தது பாலோ ஊர்ப் பக்கம், தோட்டத் தொழிலாளர் லயத்தில். அங்கே வீட்டுக்கு வீடு பலகைச் சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. முதல் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் மூன்றாவது வீட்டிலிருந்து தீர்ப்பு வரும். பிறகு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் லைன் லீடர். தனக்குக் கீழே வேலை செய்த பெண்களின் லீவு, வயிற்றுவலி, காதல் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றதும் எங்கள் வீட்டு வரிசையை லைனாக எடுத்துக்கொண்டார். நாங்கள் ராஜினாமா செய்ய வழியில்லை.

கணவர் காளிதாஸ் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறார். வெளியே நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு ஹார்ன் அடித்துப் போகிற மனிதர், வீட்டுக்குள் கடைசி சீட்டுப் பயணி. ஒரே மகன் ரூபேந்திரன். சிங்கப்பூரில் டெக்னீஷியன், விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிவிடுவான். அவனுக்கு ஜோகூர் பாருவில் பேங்க் வேலை பார்க்கும் கிருஷ்ணகுமாரியோடு ரெஜிஸ்டர் ஆகிவிட்டது. கோயில் கல்யாணம் தை மாதம்.

பெண் சிலோன் குடும்பம். தாத்தா காலத்திலிருந்தே கவர்மெண்ட் வேலை, மெதுவாகப் பேசுவார்கள், சாப்பிட்ட தட்டைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பார்கள். அந்த அமைதிதான் அக்காவுக்குப் பயம். அந்த நேரம் பார்த்து நாலாவது வீட்டுத் தேன்மொழி ஒரு செய்தி கொண்டுவந்தாள்.

"அக்கா, ஒங்க மகனும் மருமகளும் பாலத்துக்குப் பக்கத்துல அடுக்குமாடிக் கொண்டோ வீடு பாத்துட்டு வந்தாங்களாம். வாடகைக்கு."

"யாரு சொன்னா?"

"பாத்தவங்க சொன்னாங்க."

அன்று அக்கா சாப்பிடவில்லை. மகன் ஜோகூர் பாரு பக்கம் போய்விட்டால் இந்த வீட்டில் அதிகாரம் செய்ய மிஞ்சுவது காளிதாஸ் ஒருவர்தான். அவரை அதட்டி அதட்டி அக்காவுக்கே சலித்துப் போயிருந்தது. எப்படியாவது பிள்ளைகளை வீட்டோடு நிறுத்த வேண்டும். தானும் புருஷனும் படுத்து வந்த பெரிய படுக்கையறையையே விட்டுக்கொடுத்துவிடுவது, மருமகளுக்குப் பிடித்த நிறத்தில் பெயிண்ட் அடித்துவிடுவது என்று முடிவெடுத்தார்.

மருமகளுக்குப் பிடித்த நிறம் எது என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. நிச்சயதார்த்த மேடை ஊதா, நாற்காலித் துணி ஊதா, பெண்ணின் சேலை ஊதா, கேக் ஊதா, சீர்த்தட்டு ரிப்பன்கூட ஊதா. ஒரு போன் போட்டு அந்தப் பெண்ணையே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வது அக்காவுக்கு அவமானம்.

பெயிண்ட் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு சீனர். எங்கள் ஆட்களோடு பழகி அரைகுறைத் தமிழ் பேசுவார். வண்ண அட்டையை விசிறி மாதிரி விரித்துக் காட்டினார்.

"ஊதா பான்யாக், நெறைய இருக்கு, ஆன்ட்டி. எந்த ஊதா?"

"மருமகளுக்குப் புடிச்ச ஊதா."

"மருமக எங்க?"

"அவ எதுக்கு? நான் இருக்கேன்ல."

அட்டையில் ஒவ்வொரு ஊதாவுக்கும் ஒரு சீமைப் பெயர். பாரிஸ் மாலை, மூடுபனி முத்தம், ராணியின் கனவு.

"ராணி கனவு காணட்டும் வாசு," என்றார் காளிதாஸ். "நாம கொஞ்சம் சீக்கிரம் போலாமா? எனக்குப் பஸ் இருக்கு."

அக்கா எதையும் விடவில்லை. கத்தரிக்காய்த் தோல் ஒன்று, மங்கீஸ் என்கிற மங்குஸ்தான் பழத்தோல் ஒன்று, சேப்பங்கிழங்குப் பாயசம் மாதிரி வெளிறியது ஒன்று என்று சின்னச் சின்ன டப்பாக்களாக வாங்கி வந்தார். காளிதாஸ் ஏணியில் ஏறிச் சுவர் முழுக்கத் திட்டுத் திட்டாக அடித்தார். இறங்கி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"யாரோ செவுத்தப் போட்டு நல்லா சாத்துன மாதிரி கன்னிப் போய்க் கெடக்கு."

"நீங்க சும்மா இருங்க. நாலு பேரக் கேட்டு முடிவு பண்ணுவோம்."

அந்த நாலு பேரில் நானும் ஒருவன் என்பதால் நடந்ததைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஒரு வாரம் அந்தப் படுக்கையறை எங்களுக்குச் சந்தைக் கடை. காலையில் மார்க்கெட் போய் வரும் பெண்கள் கூடையோடு மாடி ஏறினார்கள். மாலையில் நாங்கள் கோப்பிக் கடையிலிருந்து நேரே போனோம். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் மட்டும் தினமும் இரண்டு தடவை. வெயில் ஏறும்போது ஒரு நிறம், இறங்கும்போது ஒரு நிறமாம். நான் மங்கீஸ் தோலுக்கு ஓட்டுப் போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, ஒவ்வொரு தடவையும் டீயும் முறுக்கும் கிடைத்தன.

மங்கீஸ்தான் ஜெயித்தது. காளிதாஸ் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்தார். புதுக் கட்டில், ஊதா மெத்தை விரிப்பு, ஊதாத் திரைச்சீலை. அக்கா அதைப் படம் எடுத்துக் கோயில் மகளிர் வாட்ஸப் குழுவில் போட்டார். கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து குவிந்தன.

அடுத்த ஞாயிறு ரூபேந்திரன் கிருஷ்ணகுமாரியை அழைத்து வந்தான். அறையைப் பார்த்ததும் அந்தப் பெண் திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நெறைய வேலை செஞ்சிருக்கீங்க அத்தை," என்றாள். அக்காவுக்கு முகம் பூத்துவிட்டது.

"ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க மா. நான் டீ கொண்டாறேன்," என்று கீழே போனார்.

பிள்ளைகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். ரூபேந்திரன் அவள் கையைப் பிடித்திருக்கிறான். அப்போது கதவைத் தட்டாமல் பேச்சியம்மாள் உள்ளே வந்தாள், பின்னால் தேன்மொழி.

"அட, வந்துட்டீங்களா! இருங்க, இருங்க. நாங்க கலரப் பாத்துட்டுப் போயிடுறோம்."

சொல்லிக்கொண்டே பேச்சியம்மாள் கட்டிலின் மறுபக்கம் போய்க் காலை நீட்டி மல்லாக்கப் படுத்தாள். பிள்ளைகள் இரண்டும் துள்ளி எழுந்தன.

"படுத்துப் பாத்தாத்தானே மேல எப்டி இருக்குன்னு தெரியும்?" என்றாள் கூரையைப் பார்த்தபடி. "அருமை லா. ஆனா ஒண்ணு மா, ராத்திரி கதவ மட்டும் சாத்திடாதீங்க. ஹால் வெளிச்சம் இல்லன்னா இந்தக் கலர் மங்கிடும்."

"மங்கட்டும் ஆன்ட்டி," என்றாள் கிருஷ்ணகுமாரி. அவ்வளவுதான் சொன்னாள். ரூபேந்திரன் காது சிவந்து நின்றான்.

கீழே வந்து டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, அந்த மெதுவான குரலில்தான் பேசினாளாம்.

"அத்தை, எனக்கு ஊதா புடிக்கும்னு யார் சொன்னாங்க?"

"யாராச்சும் சொல்லணுமா மா? நிச்சயதார்த்தத்துல எல்லாமே ஊதாதானே!"

"அது மண்டபத்துல மொத நாள் வேற யாரோ பங்ஷன் வச்சாங்க. அலங்காரத்தக் கழட்டாம குடுத்தா பாதி வெலைன்னாங்க. சரின்னு அதுக்கு மேட்ச்சா சேலை எடுத்தோம்."

அக்கா முறுக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பரவால்ல அத்தை," என்றாள் அவள். "எந்தக் கலர்லயும் தூங்கலாம். ஆனா எல்லாரும் எங்களுக்கு முன்னாடியே வந்து படுத்துப் பாத்துட்டாங்க. எங்கள மட்டும் யாரும் கேக்கல."

சோஃபாவில் இருந்த காளிதாஸ் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் தப்பித்திருப்பார்கள். அந்தப் பெண் வாசலைத் திறந்துதான் வைத்திருந்தாள். 'சரி மா, இனிமே கேக்குறேன்' என்று ஒரு வார்த்தை போதும். அக்காவுக்கும் மகனை விட மனமில்லை. கண்ணெல்லாம் கலங்கி, அவசரமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மாத்திடுறேன் மா! ஊதாவே வேணாம். ஒனக்கு என்ன கலர் வேணும், சொல்லு. நாளைக்கே டெஸ்டர் டப்பா வாங்கி அடிச்சு, பேச்சியக்கா, தேன்மொழி எல்லாரையும் ஒரு தடவ வந்து பாக்கச் சொல்லி..."

கிருஷ்ணகுமாரி ரூபேந்திரனைப் பார்த்தாள். ரூபேந்திரன் தரையைப் பார்த்தான். பிறகு முதல் தடவையாக வாய் திறந்தான்.

"மா, கொண்டோவுக்கு டெபாசிட் கட்டிடுறோம் மா."

தை மாதம் கல்யாணம் நன்றாக நடந்தது. சாப்பாடு சுமார். பிள்ளைகள் பாருவுக்குப் போய்விட்டார்கள். ஊதா அறைக்கு அக்காவும் காளிதாஸுமே திரும்பி வந்தார்கள். காளிதாஸுக்கு அதில் நல்ல தூக்கமாம். அக்கா யாரிடம் பேசினாலும், "மருமக ரொம்பப் பிடிவாதம். சிலோன்காரங்கல்ல," என்கிறார். இதைப் பேச்சியம்மாளிடமும் சொல்கிறார். அவளும் தலையாட்டுகிறாள்.

போன மாதம் அக்காவும் காளிதாஸும் முதல் தடவையாகக் கொண்டோவுக்குப் போனார்கள். சொல்லாமல்தான்; மகன் வீட்டுக்குச் சொல்லிவிட்டா போவார்கள்? தூக்குச்சட்டியில் நண்டுக் குழம்பு. வாசலில் நேப்பாளத்து செக்யூரிட்டி கார்ட் தடுத்து ஐசி, அதாவது அடையாள அட்டை, கேட்டான். எந்த வீடு என்றான். பிறகு போனை எடுத்து மேலே கூப்பிட்டான்.

"ரூபன் அம்மா நானு. மாக், மாக்!" என்று அக்கா மலாயிலும் சொல்லி நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

"யெஸ் மேடம். துங்கு," என்றான் அவன். மலாயில் 'காத்திருங்கள்' என்று அர்த்தம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் மரியாதையாகப் போட்டான்.

கொஞ்சம் கழித்து மேலிருந்து பதில் வந்தது. குளித்துக்கொண்டிருக்கிறார்களாம், பத்து நிமிடம் பொறுத்து வரச் சொன்னார்களாம். காளிதாஸ் காரிலிருந்து தலையை நீட்டினார்.

"வாசு, உள்ள ஏசி ஓடுது. வந்து உக்காரு."

"வேணாம்," என்றார் அக்கா, குழம்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு. "நான் கண்ணுக்கு நேரா இருந்தாத்தான் இவன் மறக்காம கதவத் தொறப்பான்."