கிழிந்த பேக்கிங்

சென்ற மாதம், அண்ணனைக் கட்டிய மதினியின் பழைய ஸ்கூட்டர் மேலகரத்திலிருந்து என் வீட்டுக்கு வந்தது. முழங்கால் வலி, இனி ஓட்ட முடியாது, வேறு யாருக்கும் கொடுக்கவும் மனமில்லை என்றார். வாசலில் நிறுத்திவிட்டுச் சீட்டைத் தூக்கினால், உள்ளே ரத்தம் பிடிக்கும் சின்னக் குப்பி ஒன்று. மூடியைத் திறந்தேன். எண்ணெய்க் கறையேறிய காகிதத் துண்டு, பாதி வட்டம். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் முகம் சுட்டது எனக்கு.

அப்போது நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். மதினி தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தார். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் காத்திருப்பார்கள் என்பதால் காலை ஆறரைக்கெல்லாம் கதவைத் திறந்துவிட வேண்டும். பஸ்ஸை நம்பினால் நடக்காது. அந்த டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்தான் கதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கேட்காமலேயே, அதன் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். அதற்கும் இன்ஜினுக்கும் நடுவில் இடைவெளியை அடைக்கிற காகிதப் பேக்கிங் கையோடு கிழிந்து வந்தது. கடை அடைத்திருந்தது. இரண்டு துண்டையும் பசை தடவி ஒட்டி, மாட்டி, வாயை மூடிக்கொண்டேன். படித்த திமிர், வேறென்ன.

திங்கள் காலையிலிருந்து பிடித்தது சனி. இருபது உதைக்கும் வண்டி கிளம்பாது. கிளம்பினாலோ, ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே அலறும். பிரேக்கை விட்டால் தானாக ஓடும். குற்றாலத்தில் சீசன், ஊரெல்லாம் சாரல். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் அப்பளம் நமத்தாலும், கதவு இறுகினாலும் பழி சாரலுக்குத்தான். பிளக்கில் ஈரம் இறங்கிவிட்டது என்று நானும் சொல்லிவைத்தேன். தினமும் பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஐடிலிங் ஸ்குருவைத் திருகித் திருகி ஒரு நாடகம் போட்டேன். மதினி மூன்று நாள் தாமதம். இன்னொரு நாள் தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். புதன்கிழமை ஈர ரோட்டில், வளைவில், நிற்காமல் இழுத்த வண்டியைக் காலை ஊன்றி நிறுத்தியிருக்கிறார். அதைக் கேட்டும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அண்ணன் மதினியிடம், வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வேலையை விட்டுவிடு என்றான்.

வியாழன் சாயங்காலம் மதினியே வண்டியின் முன் உட்கார்ந்தார். வழக்கம்போல நான் சாரல் என்று ஆரம்பித்தேன்.

"ஈர விறகு இப்படியா எரியும் தம்பி? ஈரம்னா பொகைஞ்சுல்லா அணையணும். இது கத்துது. ஊசி சரியாப் பொருந்தலைன்னா ரத்தத்தோட காத்தும் சேந்து வரும். அந்த மாதிரி எங்கனயோ காத்து இழுக்குது."

ஸ்டாண்டில் போட்டு வண்டியைக் கிளப்பச் சொன்னார். அருவியில் குளிக்கப் போகும்போது தலைக்குத் தேய்க்கிற நல்லெண்ணெய்ப் புட்டியை எடுத்துவந்து, கார்புரேட்டர் சேருகிற இடத்தைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டார். அலறல் சட்டென்று தணிந்தது. எண்ணெயை உள்ளே இழுத்ததும் மறுபடி அலறியது. மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். கழற்றினால், பசை விட்டுப்போய் இரண்டாகக் கிடந்தது பேக்கிங்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தான். "என்னலே ஆச்சு?"

நான் குனிந்து ஸ்பேனரைப் பொறுக்கினேன். மதினிதான் சொன்னார்: "சாரல்ல ஊறிக் கிழிஞ்சு போச்சு."

அவர்கள் கல்யாணப் பத்திரிகையில் மீந்திருந்த ஒன்றை எடுத்து, எண்ணெய்க் கையால் அழுத்தி அச்சு எடுத்து, கத்தரியால் புது பேக்கிங் வெட்டினார். மறுநாள் காலை இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது. ஆறேகாலுக்கே போய்க் கதவைத் திறந்துவிட்டார். அந்த வேலையில்தான் போன வருஷம் வரை இருந்தார்.

குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே போன் போட்டேன். "மதினி, அந்தப் பேக்கிங்கைக் கிழிச்சது சாரல் இல்ல. நான்தான்."

"தெரியும் தம்பி," என்றார். "சாரலுக்குப் பசை போட்டு ஒட்டவா தெரியும்? நீங்க சொல்லுத அன்னைக்குத் தூரப் போடலாம்னு வச்சிருந்தேன். இனி போட்டுருங்க."

நான் போடவில்லை. மூடியை இறுக்கி, சீட்டுக்கு அடியில் அது இருந்த இடத்திலேயே வைத்தேன்.